தர்மபுரியில் ஒரு கடல் தொட்டி: பாசியை அடக்கிப் பவளத்தைக் காப்பாற்றும் வழி

தர்மபுரியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிப் பக்கம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். இந்த ஊரில் கூடத்து மூலையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பதாகச் சொன்னால், "உப்புத் தண்ணீருக்கா நம் ஊரில் பஞ்சம்? போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்" என்று சிரிக்கிறார்கள். என் முதல் தொட்டியில் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வந்த நீரை அளந்துகூடப் பார்க்காமல் உப்பைக் கலந்து ஊற்றினேன். மூன்றாம் மாதம் பாறைமேல் விரல் நீளத்துக்குப் பச்சைப் பாசி. உள்ளே இருந்த இரண்டு காளான் பவளங்களும் அந்தப் புதருக்குள் காணாமல் போயின.

அதே தவற்றைச் செய்யத் தயாராக இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். கல்லும் மணலும் போக 45 லிட்டர் நீர் நிற்கும். இதைவிடச் சிறியது வேண்டாம். நீர் குறையக் குறைய ஒரு சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பவளம் செடியல்ல, விலங்கு. ஆனால் தன் உடலுக்குள்ளேயே நுண்பாசியைக் குடிவைத்திருக்கும் விலங்கு. பகலில் அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு சமைத்துப் போடுவதைத்தான் நம் தொட்டிகளில் வளரும் பெரும்பாலான பவளங்கள் உண்கின்றன. ஆகவே பாசிக்கு வேண்டிய வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் பவளத்துக்கும் வேண்டும். "பாசிக்கொல்லி" என்று குப்பியில் விற்பதை ஊற்றினால், கல்லின் மேலிருக்கும் பாசியோடு பவளத்துக்குச் சோறு போடும் பாசியும் பாதிக்கப்படலாம். தொட்டிக்குள் எது எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

வாங்கும் முன்: சட்டம்

கல்போன்ற எலும்புக்கூடு கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும்கூட இதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது காதோடு காதாகச் சொல்லி எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ராமேஸ்வரம் சுற்றுலாவில் ஆசையாக வாங்கிவந்த வெள்ளைப் பவளக் கல்லையும் தொட்டியில் அலங்காரமாக வைக்காதீர்கள். அதுவும் இதே சட்டத்துக்குள்தான் வரும்.

புதியவர்களுக்கு ஏற்றவை மென்பவளங்களும் அவற்றின் உறவுகளும்தான்: காளான் பவளம், ஜோவாந்தஸ், தோல் பவளம், ஸீனியா. இவற்றையும் வளர்ப்புத் துண்டு என்று பில்லோடு தருபவரிடமே வாங்குங்கள். பெங்களூரும் சென்னைக் கொளத்தூரும் நமக்கு எட்டும் தூரத்துச் சந்தைகள்.

ஜோவாந்தஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் சில வகைகளிலும் அதன் நெருங்கிய உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள், உலர்ந்த கல்லிலிருந்து சுரண்டாதீர்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது; ஆவியில் கலந்து மூச்சோடு உள்ளே போன நஞ்சால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

தண்ணீர்: நம் மாவட்டத்தின் முதல் எதிரி

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் தொட்டிக்காரருக்கு வேறு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, வயல்களில் போட்ட உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இறங்கும் நைட்ரேட். மற்றொன்று சிலிக்கா. நம் காலடியில் இருப்பது கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும். அவற்றின் இடுக்குகளில் தேங்கிய நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். புதுத்தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் பொடியாகப் படியும் டயாட்டம் பாசி தன் ஓட்டைச் சிலிக்காவால்தான் கட்டுகிறது.

நீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட மலிவாக இவ்வளவு உண்மை பேசும் கருவி இல்லை. உங்கள் போர் தண்ணீர் 1,200 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஓ.வுக்குள் நீரை வடிகட்டும் சவ்வு, அதாவது மெம்பரேன், நல்லதாக இருந்தால் 90 முதல் 95 விழுக்காட்டைத் தடுக்கும். அப்படியும் 60 முதல் 120 வரை மிஞ்சும். போதாக்குறைக்கு, சமையலறை ஆர்.ஓ.வில் ருசிக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். தாதுப்பொருள் சேர்க்கும் குப்பியும் இருக்கும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. அந்த இரண்டையும் தாண்டாத இடத்தில் தனிக்குழாய் எடுத்து, அதன் முடிவில், மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றை மாட்டுங்கள். மீட்டர் 0 காட்ட வேண்டும். 3, 4 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் வேளை வந்துவிட்டது. தீர்ந்துபோன ரெசின் முதலில் சிலிக்காவைத்தான் விட்டுவிடும். கண்ணாடியில் பழுப்பு திரும்பி வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் குப்பியைத்தான்.

ஒகேனக்கல் குழாய் நீர் வருகிற வீடென்றால் அதையே ஆர்.ஓ.வுக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு குறைவு என்பதால் ரெசின் நீண்ட நாள் உழைக்கும். அதிலுள்ள குளோரின் மெம்பரேனைக் கெடுக்காமலிருக்கக் கார்பன் வடிகட்டியை மட்டும் காலம் தவறாமல் மாற்றுங்கள். ஆர்.ஓ. வெளியே தள்ளும் நீரை வீணாக்க வேண்டாம். வாசல் தெளிக்கவும் கழிவறைக்கும் ஆகும்.

பிடித்த நீரைப் பிளாஸ்டிக் வாளியில் மட்டும் வையுங்கள். செம்புக் குடம், பித்தளை அண்டா பக்கமே போகக் கூடாது. குடிநீருக்குச் செம்பு நல்லது என்று என் அம்மா ஒருமுறை அன்போடு நிரப்பிவைத்தார்; நல்லவேளை, ஊற்றுமுன் பார்த்துவிட்டேன். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு மிகக் குறைந்த அளவு செம்பும் நஞ்சு. மீன் நோய்க்கான செம்பு மருந்துக்கும் இதே விதிதான்: பவளம் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது.

உப்பு, கல், காத்திருப்பு

சமையல் உப்போ கல்லுப்போ உதவாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பில்தான் கால்சியமும் மெக்னீசியமும் உரிய அளவில் இருக்கும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் பிடிக்கும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 அல்லது 1.026 வரும்வரை சரிசெய்யுங்கள். அந்தக் கருவியை வெறும் நீரில் பூஜ்யம் பார்ப்பதோடு விடாமல், உப்பளவு 35 என்று குறித்து விற்கும் திரவத்திலும் சரிபாருங்கள். என்னுடையது ஓராண்டு முழுவதும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பாறைக்குச் செயற்கையாகச் செய்த நுண்துளைக் கற்களே போதும். 5 கிலோ அளவு. நடுவே நீரோட்டம் நுழைந்து வருமாறு குகைபோல அடுக்குங்கள். சுவரைப்போல அடுக்கினால் பின்னால் அழுக்கு தேங்கும், தேங்கிய இடத்தில் பாசி வரும். நீரோட்டத்துக்கு மணிக்கு 500 முதல் 900 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் (நீருக்குள் ஓடும் சிறு பம்பு) ஒன்று.

பிறகு காத்திருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனையில் வந்தபின் முதல் மீன். அதற்கும் ஒரு மாதம் கழித்து முதல் பவளம். இந்தக் காலத்தில் தொட்டி பார்க்கச் சகிக்காது: முதலில் பழுப்பு, பின் பச்சை, நடுவே கொஞ்சம் சிவப்பு வழவழப்பு. பலர் இங்கேதான் பயந்துபோய்க் கண்ட மருந்தையும் ஊற்றிக் கெடுக்கிறார்கள். விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வேறு வேலை பாருங்கள்.

பாசியை அடையாளம் காணுதல்

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பதில்தான் பாதித் தொட்டிகள் போகின்றன. இரண்டு வகைகளுக்கு வைத்தியம் நேரெதிராக இருக்கும்.

கண்ணாடியில் இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை படியும் மெல்லிய பச்சைத் திரை இயல்பானது. காந்தத் துடைப்பானால் துடைத்தால் போதும். கல்லில் ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்புபோல ஒட்டிக்கொண்டு வருவது கோரலைன் பாசி. அது நல்ல சகுனம், சுரண்டாதீர்கள்.

முடிபோல நீளும் பச்சைப் பாசி வந்தால் உள்ளே போகும் உணவு, வெளியே வரும் கழிவை மிஞ்சிவிட்டது என்று பொருள். இங்கே ஒரு பொறி உண்டு. முடிப்பாசி நிறைந்த தொட்டியில் சோதனை செய்தால் நைட்ரேட் குறைவாகவே காட்டும். பாசிதான் அதைத் தின்றுகொண்டிருக்கிறதே. எண்ணை நம்பி ஏமாறாமல் கையால் பிடுங்குங்கள். கல்லைத் தொட்டி நீர் பிடித்த வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசி, திரும்ப வையுங்கள். பிடுங்கிய பாசியோடு அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போய்விடும். அதன்பின் மிச்சத்தை மேயவிடச் செரித், நெரைட் நத்தைகள் ஆறேழு போதும். நீண்டு வளர்ந்த புதரை நத்தை தொடாது, துளிரைத்தான் மேயும். ஆகவே முதலில் உங்கள் கை, பிறகுதான் நத்தை.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பில் ஏடுபோலப் படர்ந்து, உறிஞ்சினால் தகடாகப் பெயர்ந்து வருவது சயனோபாக்டீரியா. பெயரே சொல்வதுபோல அது பாக்டீரியா இனம். நீரோட்டம் எட்டாத மூலையில் தொடங்கும். ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, பவர்ஹெட்டின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். அடங்காவிட்டால் மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைக் கருப்புத் துணியால் மூடலாம்; மென்பவளங்கள் அதைத் தாங்கும். மூடியிருக்கும் நாட்களில் காற்றுப் பம்பு ஓடட்டும், திறந்த அன்று நீர் மாற்றுங்கள். செத்தது அழுகும்போது ஆக்ஸிஜன் குறையும்.

பழுப்பு நிறத்தில் சளிபோல நூல் நூலாகத் தொங்கி, நுனிகளில் காற்றுக் குமிழோடு, காலையில் குறைந்து மாலையில் கூடினால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். இதுதான் எதிர்வைத்தியம் கேட்பது. மிகச் சுத்தமான தொட்டியில், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நிற்கும்போதுதான் இது பெரும்பாலும் தலையெடுக்கும். போட்டிக்கு வேறு உயிர் இல்லாத காலி நிலம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. இதைப் பார்த்து இன்னும் நீர் மாற்றி, இன்னும் உணவைக் குறைத்தால் நீங்களே பந்தி விரித்த கதைதான். உணவைச் சற்றுக் கூட்டி, பாஸ்பேட் உறிஞ்சும் துகள் பை போட்டிருந்தால் எடுத்துவிட்டு, நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுங்கள். மென்பவளத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருப்பது நலம். பூஜ்யம் பெருமையல்ல.

பச்சைக் கண்ணாடி மணிபோல உருண்டையாக வருவது வலோனியா. உள்ளேயே உடைக்காமல் முழுசாகக் கழற்றி எடுங்கள்.

உணவு, அதாவது அம்மாவின் பிரச்சினை

45 லிட்டருக்கு இரண்டு சிறு மீன் போதும்: ஒரு ஜோடி க்ளவுன் அல்லது ஒரு க்ளவுனும் ஒரு கோபியும். நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. உறைந்த இறால் உணவை ஆர்.ஓ. நீரில் கழுவி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

இதை எழுதுவது எளிது. வீட்டில் நடப்பது வேறு. மீன் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து மூடினால் "வாயில்லாத ஜீவன், பசிக்கிறது பாவம்" என்று யாராவது ஒரு சிட்டிகை போடுவார்கள். காலையில் அம்மா, மாலையில் பிள்ளைகள், இரவில் நீங்கள். ஒரு பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது உணவு டப்பா பாதியாகியிருந்தது. அந்தப் பாசியைப் பிடுங்கி முடிக்க மாசி ஆகிவிட்டது. இப்போது வெளியூர் போனால் மாத்திரை டப்பாவில் நாளுக்கொரு வேளை பிரித்துவைத்துவிட்டு, பெரிய டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுகிறேன். நான்கு நாள்வரை என்றால் யாரும் எதுவும் போடாமலிருப்பதே மேல். நலமாக இருக்கும் மீன் தாங்கும்.

புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணை மதகிலிருந்து நுரை மலையாகக் குவிந்து வரும் காட்சியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள அழுக்கு குமிழின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறுகிறது. ஸ்கிம்மர் அதையே ஒரு குழாய்க்குள் செய்து, நுரையைக் கோப்பையில் பிடித்துத் தருகிறது. நல்ல கருவிதான். இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயமில்லை. வாரம் தவறாமல் நீர் மாற்றினால் போதும்.

வெளிச்சமும் வெயிலும்

விளக்கை டைமரில் 8 மணி நேரத்துக்கு வையுங்கள், நீல ஒளி தூக்கலாக. புதுப் பவளத்தை அடியில் வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் மெல்ல மேலேற்றுங்கள். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி வேண்டாம்.

நீரின் வெப்பம் 25 முதல் 27 டிகிரி. 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் தன் உடலிலுள்ள நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. ஏப்ரல், மே மாதங்களில் நம் வீட்டுக் கூடமே 35 டிகிரி காட்டும். நீரைக் குளிரவைக்கும் சில்லரின் விலை தொட்டியின் விலையை மிஞ்சும். நம் கோடை வறண்டது என்பது இங்கே அதிர்ஷ்டம்: நீர்மட்டத்தில் சாய்வாக ஒரு சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் இவ்வளவு இறங்காது. அதற்கும் போதாத நாளில் குளிர்பெட்டியில் உறையவைத்த நீர்ப்புட்டியை மூடியோடு மிதக்கவிடுங்கள், ஒவ்வொன்றாக.

விசிறி ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத் தினமும் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் நாடா ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி இரவுகளுக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்று. ஓசூர்ப் பக்கம் என்றால் இன்னும் கட்டாயம்.

மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு செய்தித்தாளில் வரும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை முன்தினமே சோதித்துவையுங்கள். அந்தப் பம்பு இழுப்பது அறைக்காற்றை என்பதால் தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் கொசு மருந்துப் புட்டியும் வேண்டாம். அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது.

வார வேலையும் பவளத்தின் முகமும்

ஞாயிறு காலை அரை மணி நேரம் போதும். கண்ணாடி துடைத்து, கல்லின்மேல் படிந்த தூசியைப் பவர்ஹெட்டால் ஊதிவிட்டு, மணலின் மேலிருக்கும் அழுக்கோடு 5 லிட்டர் உறிஞ்சி எடுத்து, முதல்நாளே கலந்து வெப்பம் சமமாக்கிய 5 லிட்டரை ஊற்றுங்கள். காரத்தன்மை 8 அல்லது 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருக்கட்டும். மென்பவளத் தொட்டியில் இவற்றைத் தனியே ஊற்ற வேண்டியதில்லை. வார நீரே ஈடுகட்டிவிடும். நோட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள். ஒரே நாளில் எதையும் திருத்தாதீர்கள். பாஸ்பேட்டைச் சட்டென்று இறக்கிய வாரத்தில்தான் என் ஸீனியா உருகிப்போனது.

பெங்களூரிலிருந்து பவளம் கொண்டுவந்தால் பையை அரை மணி மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள். பைநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் பிறர் வீட்டுப் பாசியின் வித்து இருக்கலாம்.

அதன்பின் பார்வைதான். காளான் பவளம் பழுப்பேறினால் சத்து கூடியிருக்கலாம். வெளிறிச் சுருங்கினால் வெளிச்சம் கூடியிருக்கலாம் அல்லது நைட்ரேட் வற்றியிருக்கலாம். ஜோவாந்தஸ் மூடியே கிடந்தால் ஏதோ நத்தையோ புழுவோ மேலே ஊர்கிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் பவளம் திடீரென்று சுருங்கி, மேலே மெழுகுபோல ஒரு படலம் போர்த்திக்கொண்டு நான்கைந்து நாள், சில நேரம் ஒரு வாரத்துக்குமேல் அசையாமல் நிற்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறிய வேண்டாம், தோலுரிக்கிறது. நீரோட்டத்தைச் சற்று அதன்பக்கம் திருப்பினால் படலம் கழன்றுபோகும். தொட்டுமுகர்ந்தால் அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் வெளியே எடுங்கள்.